ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

விபத்து வழக்குக் கட்டு ஒன்று மேசைக்கு வந்தால் எங்கள் சீனியர் முதலில் எஃப்.ஐ.ஆரைப் பார்க்க மாட்டார். ஆஸ்பத்திரி பில்லையும் பார்க்க மாட்டார். "ஏ.ஆர். காப்பி எங்கப்பா?" என்றுதான் கேட்பார். இல்லை என்றால் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. விழுப்புரம் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் ஆபீஸுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள். கோர்ட் பேச்சில் எம்.சி.ஓ.பி. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை எங்கள் மாவட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதனால் வேலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே நாம்தான் முதலிடம். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. அடிபட்டவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் சிகிச்சைக்கு நடுவே ஒரு படிவத்தை நிரப்புவார். யார் கூட்டிவந்தது, எத்தனை மணிக்கு, நினைவோடு இருந்தாரா, குடித்திருந்தாரா, அங்க அடையாளம் என்ன, எங்கெங்கே காயம். அதற்கு நடுவில் ஒரே ஒரு வரி வரும்: எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது. அந்த வரியைச் சொல்பவர் பெரும்பாலும் அடிபட்டவர் இல்லை. அவர் பேசும் நிலையில் இருக்க மாட்டார். கூட வந்த மைத்துனரோ, தெருக்காரரோ, போகிற வழியில் ஏற்றிவந்த ஆட்டோக்காரரோ வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். டாக்டர் அதைத்தான் எழுதுவார். அவர் சம்பவ இடத்தில் இல்லை, அவருக்கு வேறு வழியும் இல்லை.

அந்த வரியில் அதிகம் வரும் பொய், "வண்டி வழுக்கி தானாக விழுந்துவிட்டார்" என்பது. ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால் காரணம் கைவசம் இருக்கும். போலீஸ் கேஸ் என்றால் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம். அடிபட்டவரிடம் லைசென்ஸ் இல்லை. வண்டி சித்தப்பா பேரில் இருக்கிறது. இடித்தவன் பக்கத்து ஊர்க்காரன், "செலவை நான் பார்த்துக்கறேன், ஸ்டேஷன் வரைக்கும் போவ வேணாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். முதல் நாள் அவன் சொல்வது உண்மையாகக்கூட இருக்கும். ஐந்தாம் நாள் ஐ.சி.யூ. பில்லைப் பார்த்ததும் போனை எடுக்க மாட்டான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கரும்பு வெட்டும் பருவம். ஆலைக்கு லோடு ஏற்றிப்போன டிராக்டர் ஒன்று டயர் பஞ்சராகி, ராத்திரி சாலையிலேயே நின்றுவிட்டது. ட்ரெய்லருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு கிடையாது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கிடையாது. தோகை பின்பக்கம் சரிந்து தொங்கினால் ஸ்டிக்கர் இருந்தாலும் தெரியாது, அது வேறு விஷயம். பெயின்டிங் வேலை முடிந்து பைக்கில் வந்தவர் நேராக அதில் போய் மோதினார். தாடையும் வலது தொடையும் உடைந்தன. 108 வந்து தூக்கிக்கொண்டு போனது. பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்த கூட்டாளி, டாக்டர் கேட்டபோது, "பள்ளத்துல உட்டு உழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் அன்றைக்குக் கொஞ்சம் போட்டிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். அவர்களாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் மனைவி எங்களிடம் வந்தபோது எஃப்.ஐ.ஆரே போட்டிருக்கவில்லை. ஏ.ஆர். காப்பியை வாங்கிவரச் சொன்னேன். வாங்கிவந்தார்.

"இதுல தானா உழுந்ததா எழுதியிருக்கேம்மா?"

"அவரு கூட்டாளி ஏதோ பயத்துல சொல்லிட்டாருண்ணே. டாக்டர்கிட்ட போய் மாத்தி எழுதித் தரச் சொல்லட்டுமா?"

"அது மட்டும் செஞ்சுடாதம்மா. திருத்துன ஏ.ஆர். இதைவிட மோசம்."

இது பலருக்குப் புரிவதில்லை. ஏ.ஆரில் தப்பான வரி இருந்தால் வேறு ஆவணத்தை வைத்து அதைச் சமாளிக்கலாம். அடித்துத் திருத்திய ஏ.ஆரை எடுத்துக்கொண்டு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு வேலை மிச்சம். பொய் வழக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இல்லாத வாகனத்தைக் காட்டி இழப்பீடு வாங்கிய பொய் வழக்குகள் நிஜமாகவே நடந்திருக்கின்றன என்பதால் நீதிபதியும் அதைக் காதில் வாங்கிக்கொள்வார்.

இந்த வழக்கைக் காப்பாற்றியது 108 ஆம்புலன்ஸில் நிரப்பிய படிவம். கூட்டாளி வந்து சேர்வதற்கு முன்பே, சம்பவ இடத்தில், ஆம்புலன்ஸ் ஊழியர் எழுதியது. நின்றிருந்த டிராக்டர் ட்ரெய்லரில் மோதியதாக அதில் தெளிவாக இருந்தது. தீர்ப்பாயத்தில் மனுப்போட்டு, சம்மன் அனுப்பி அதை வரவழைத்தார் சீனியர். விபத்து தீர்ப்பாயம் குற்ற வழக்கைப்போல சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லாது. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்க்கும். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்பதற்காகவே உண்மையான வழக்கைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2011-ல் ரவி என்பவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. கடைசியில் இழப்பீடு கிடைத்தது. முன்னால் நிற்பதைக் கவனிக்காமல் வந்ததில் அவர் பங்கும் உண்டு என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். வழக்கு இழுத்ததற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு வரி.

ஆகவே கூட வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நடந்ததைச் சொல்லுங்கள். வண்டி நம்பர் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். வழிப்போக்கராக உதவிசெய்து கூட்டிவந்தவர் தன் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிமுறைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள்ளேயே 134-ஏ என்று பிரிவு வந்துவிட்டது. சாட்சியாக வரச்சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

பணமில்லை என்பதற்காகவும் பொய் சொல்ல வேண்டியதில்லை. 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கையிலிருந்து கட்ட வேண்டாம். மத்திய அரசும் 2025 மே மாதம், ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் பணமில்லாச் சிகிச்சை என்று அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. இரண்டுக்குமே சாலை விபத்து என்று பதிவாவதுதான் அடிப்படை. தானாக வீட்டில் விழுந்தார் என்று எழுதிக்கொடுத்துவிட்டு இதைக் கேட்க முடியாது.

அடுத்து போலீஸ். 2024 ஜூலை முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338, 304-ஏ பிரிவுகள் எல்லாம் போய், பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125, 106 என்று வந்துவிட்டன. நம்பர் மாறினாலும் நடைமுறை அதேதான். எஃப்.ஐ.ஆர். மட்டும் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது ஆரம்பம்தான். வழக்கின் உயிர் ரஃப் ஸ்கெட்ச்சிலும், சம்பவ இடத்தைப் பார்த்து சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பார்வை மகஜரிலும், மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. ஸ்கெட்ச் என்றால் பெரிய வரைபடம் ஒன்றுமில்லை. இரண்டு கோடு ரோடு, நடுவில் மீடியன், வடக்கு தெற்கு, மோதிய இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி, வண்டிகள் கிடந்த இடத்துக்குச் சின்னச் சின்னக் கட்டம். அந்தப் பெருக்கல் குறி மீடியனுக்கு இடப்பக்கம் விழுகிறதா வலப்பக்கம் விழுகிறதா என்பதில் லட்சங்கள் இடம் மாறிப்போகும். ஒருமுறை வரைந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு யாரும் அதைத் தொட முடியாது.

செத்தவர் மீதே வழக்குப் பதிவாகிறதும் நடக்கிறது. லாரிக்காரர் ஸ்டேஷனுக்கு நேராகப் போய், "அவன்தான் சார் ராங் சைடுல வந்தான்" என்று முதல் புகாரைக் கொடுத்துவிடுவார். வீட்டுக்காரர்கள் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் காரியம் முடிந்து ஸ்டேஷனுக்குப் போனால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் இறந்தவர் பெயர் இருக்கும். இதற்கு ஒரே மருந்து, குடும்பத்தில் ஒருவராவது அழுகையை ஒத்திவைத்துவிட்டு அன்றைக்கே சம்பவ இடத்துக்குப் போவது. வண்டிகளை அப்புறப்படுத்துவதற்கு முன் போனில் படம் எடுங்கள். கிட்டத்தில் நின்று நசுங்கிய பாகத்தை மட்டும் எடுத்தால் பிரயோஜனம் இல்லை. தள்ளி நின்று ரோடு, மீடியன், கடைப்பலகை, மைல்கல் எல்லாம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். டயர் தேய்ந்த தடம், உடைந்த கண்ணாடித் தூள் எங்கே சிதறியிருக்கிறது, இதெல்லாம் முக்கியம். எதிரில் டீக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ சி.சி.டி.வி. இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். அது சில நாளில் தானாக அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும்.

2022-ல் வந்த விதிகளின்படி விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் போலீஸார் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. உச்ச நீதிமன்றம் கோஹர் முகமது வழக்கில் 2022 டிசம்பரில் இதை அழுத்திச் சொன்னது. ஏட்டில் நல்ல ஏற்பாடு. ஆனால் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விபத்து வழக்கு ஆவணங்களைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. வழக்கு எண் கிடைத்ததும் எடுத்துப் படித்துப் பாருங்கள்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நீதிபதி மனது வைத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். மனதுக்கு அங்கே அதிக வேலை இல்லை, கூட்டல் பெருக்கல்தான். 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் போட்டுக்கொடுத்த கணக்கைத்தான் நாடு முழுக்கப் பின்பற்றுகிறார்கள்.

ஒரு கொத்தனார், வயது 35, மாதம் 15,000 சம்பாதித்தார், விபத்தில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. நாற்பது வயதுக்குக் கீழே இருந்து சொந்தத் தொழில் செய்பவர் என்றால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள். 21,000 ஆயிற்று. வருஷத்துக்கு 2,52,000. அவரை நம்பியவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழியும், மிச்சம் 1,89,000. 31 முதல் 35 வயது வரை பெருக்க வேண்டிய எண் 16. ஆக 30,24,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்கு, துணையை இழந்ததற்கு, பெற்றவரை இழந்ததற்கு, பிள்ளையை இழந்ததற்கு என்று சில தலைப்புகளில் சில பத்தாயிரங்கள் சேரும். மனு போட்ட தேதியிலிருந்து வட்டியும் உண்டு.

இதே கொத்தனாரின் வருமானத்தை நிரூபிக்க முடியவில்லை, தீர்ப்பாயம் மாதம் 10,000 என்று எடுத்துக்கொள்கிறது. அப்போது கணக்கு 20,16,000-ல் நின்றுவிடும். மாதச் சம்பளத்தில் 5,000 குறைந்ததற்குக் குடும்பத்துக்குப் பத்து லட்சம் நஷ்டம். நம் ஊரில் கொத்தனார், பெயின்டர், பால்காரர், டெய்லர் யாரும் சம்பளச் சீட்டு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் தேடினால் ஏதாவது இருக்கும். நலவாரிய அட்டை, சுயஉதவிக் குழுக் கடன் வாங்கும்போது எழுதிக்கொடுத்த வருமானம், மாதாமாதம் கட்டிய பைக் தவணை, ஜிபேயில் மேஸ்திரி போட்ட வாரக் கூலி. இப்போதெல்லாம் இந்தக் கடைசி சமாச்சாரம்தான் கைகொடுக்கிறது. மேஸ்திரி அனுப்பிய வாரக் கூலி வரிசையாக ஸ்டேட்மென்ட்டில் விழுந்திருந்தால், கம்பெனி வக்கீல் அதற்கு மேல் குறுக்கு விசாரணையில் கேட்க ஒன்றும் மிச்சம் இருக்காது. வீட்டுவேலை மட்டும் பார்த்த பெண் இறந்தாலும் வருமானமே இல்லாதவர் என்று தள்ளிவிட முடியாது. அந்த உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டாக வேண்டும் என்று 2021-ல் கீர்த்தி வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

கை கால் போனவர்களின் கணக்கு இதைவிடச் சிக்கல். மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்று தரும். அந்தச் சதவீதத்தை அப்படியே எடுத்து, ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுத்து முடித்துவிடும் பழக்கம் நம் கோர்ட்டுகளில் உண்டு. சின்னக் காயத்துக்கு அது பொருந்தும். ஆனால் 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொன்னது: உடம்பில் எவ்வளவு போச்சு என்பது ஒன்று, பிழைப்பில் எவ்வளவு போச்சு என்பது வேறு. இடது கை போன டிரைவருக்கும் தச்சருக்கும் தொழிலே போய்விடும். அதே கை போன அரசு அலுவலக எழுத்தர் வேலையில் தொடரலாம். நம் பெயின்டருக்குத் தொடை எலும்பு கூடிவிட்டது, நடக்கிறார். சாரத்தில் ஏறி நிற்க முடியாது. சாரத்தில் ஏறாதவரை யார் பெயின்டிங் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? இதைக் கேட்க வேண்டியது வக்கீலின் வேலை, சாட்சிக் கூண்டில் சொல்ல வேண்டியது அடிபட்டவரின் வேலை. கூச்சப்பட்டுக்கொண்டு, "இப்ப பரவால்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் யார் கொடுப்பார்கள் என்பதில் ஆச்சரியங்கள் காத்திருக்கும். இடித்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் கம்பெனி கொடுக்கும். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால்கூட, பெரும்பாலும் முதலில் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் நீங்கள் நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறீர்கள், அவன் தப்பால் விழுகிறீர்கள், அவனிடம் வெறும் மூன்றாம் நபர் பாலிசிதான் இருக்கிறது என்றால் அந்தக் கம்பெனி உங்களுக்குப் பொறுப்பில்லை. பின்னால் உட்கார்ந்தவரையும் சேர்த்துக் காக்கும் பேக்கேஜ் பாலிசியாக இருக்க வேண்டும். டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து போகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். டிராக்டரில் டிரைவருக்கு மட்டும்தான் சீட்டு. விழுந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். டிராக்டர்க்காரரிடம் என்ன இருக்கிறதோ அதுதான். நடவு சீசனில் மட்கார்டுக்கு இரண்டு பெண்கள் வீதம் உட்கார்ந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீர்ப்புகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

அரசு பஸ்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்காமல் இருக்கச் சட்டமே விலக்குக் கொடுக்கிறது. போக்குவரத்துக் கழகம் தன் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே போய் பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்திகளை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் எத்தனை வருஷமாக அலைந்திருக்கிறது என்பது அந்தச் செய்தியில் கடைசிப் பத்தியில்தான் வரும்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டாம். 2022 ஏப்ரலில் வந்த திட்டத்தின்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. முன்பு இது 25,000-மும் 12,500-மும்தான். வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும், கலெக்டர் அனுமதிப்பார். விண்ணப்பிக்கிறவர்கள் மிகக் குறைவாக இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்களிடம் போலீஸாரே இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு வந்த வழக்கைப் போட்டவர் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012-ல் அவர் போட்ட பொதுநல வழக்குதான் சாலைப் பாதுகாப்புக்கு உச்ச நீதிமன்றக் குழு அமைய வழிசெய்தது. உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து, உடையாமல் இருக்க என்ன செய்வது என்று கோர்ட்டுக்குப் போனவர். நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை அகற்றச் சொன்ன 2016 தீர்ப்பிலும் தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலுவின் வழக்கு இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை.

என் மேசையில் இருக்கும் ஸ்கெட்ச்சுகளை அடுக்கிவைத்துப் பார்த்தால், சில இடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஊருக்கு நேரே மீடியனில் வழி கிடையாது, திரும்பும் இடம் வெகுதூரத்தில் இருக்கும். பால் ஊற்றப் போகிறவர் அவ்வளவு தூரம் போய்ச் சுற்றி வருவாரா? எதிர்த்திசையில் ஓரமாக வருவார். தீர்ப்பில் அது அவருடைய கவனக்குறைவு என்று வரும், பாதித் தொகை கழியும். சாலையைப் போட்டவர் பெயர் எதிர்மனுதாரர் பட்டியலில் வருவதை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். 2019 திருத்தத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. தரக்குறைவான வடிவமைப்பாலோ பராமரிப்பாலோ உயிர்போனால் ஒப்பந்ததாரருக்கும் சம்பந்தப்பட்ட அதிகார அமைப்புக்கும் ஒரு லட்சம் வரை அபராதம். ஹெல்மெட் போடாதவனை மறித்து நிறுத்துகிற வேகம் இந்தப் பிரிவுக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. ஹெல்மெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைக்காயக் கட்டுகள்தான் அலமாரியில் மிகத் தடிமனாக இருக்கின்றன.

கெடு விஷயம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 1994-ல் நீக்கப்பட்டது, 2022 ஏப்ரல் முதல் திரும்ப வந்துவிட்டது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், காலம் கடந்த காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பிக் காலம் தள்ளாதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் விசிட்டிங் கார்டோடு நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நயா பைசா தர வேணாம், வர்றதுல இத்தனை பர்சன்ட்" என்பார்கள். வக்கீல் சதவீதக் கணக்கில் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானது. 2017-ல் பி. சுனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்ததே, விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் வாங்கிய காசோலையைப் பற்றிய வழக்கில்தான். என் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் இதை எழுதுவது பிடிக்காது. போகட்டும். முன்கூட்டியே கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுத்தாளையோ வெற்றுக் காசோலையையோ யாரிடமும் கொடுக்காதீர்கள். பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பே இல்லாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். விபத்தில் கணவரை இழந்து வருகிறவர்களில் அநேகருக்கு இது தெரியாது.

லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடித்துக்கொள்ளலாமா? பல நேரம் அதுதான் புத்திசாலித்தனம். அங்கே ஒப்புக்கொண்டால் கம்பெனி மேல்முறையீட்டுக்கு இழுக்க முடியாது, பணம் சீக்கிரம் வரும். உங்களாலும் அப்பீல் போக முடியாது என்பதுதான் மறுபக்கம். அதனால் போவதற்கு முன், மேலே கொத்தனாருக்குப் போட்ட மாதிரி உங்கள் கணக்கை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொல்லும் தொகை அதில் முக்கால்வாசிக்கு வந்தால் யோசிக்கலாம். பாதிக்கும் கீழே என்றால் எழுந்து வந்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரும் 164-ஆம் பிரிவும் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டால் முழு இழப்பீடு கேட்டுப் போட்ட பெரிய மனு காலாவதியாகிவிடும். நம் கொத்தனார் வீட்டில் அவசரப்பட்டு அந்த 5 லட்சத்தை வாங்கியிருந்தால் 25 லட்சம் போயிருக்கும். தவறு எதிர் வண்டியுடையது என்று நிரூபிக்க வழியே இல்லாதவர்களுக்குத்தான் அது.

பணம் இப்போது நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. பிள்ளைகளின் பங்கை அவர்களுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை நிரந்தர வைப்பில் போடச் சொல்வார்கள், வட்டியை மட்டும் அம்மா எடுத்துக்கொள்ளலாம். அந்த ரசீது தொலைந்துபோனால் பெரிய தலைவலி, பத்திரமாக வையுங்கள். நடுவில் பள்ளிக்கட்டணத்துக்கோ ஆபரேஷனுக்கோ அசலிலிருந்து தேவைப்பட்டால் தீர்ப்பாயத்தில் ஒரு மனு கொடுத்து எடுக்கலாம். கட்டண விவரம், ரசீது நகல், பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் நகல் ஆகியவற்றோடு உங்கள் வக்கீலைப் பாருங்கள்.